மட்டக்களப்பில் வரலாறு கேட்டுப் பதியப் போகிறவர்களுக்கு: கடிதம் முதல் கையளிப்பு வரை

ஊர் வரலாறு எழுத ஆசைப்படும் பல்கலைக்கழக மாணவர்கள், லீவில் வந்து அம்மாவின் ஊரைத் தேடுகிற வெளிநாட்டுப் பிள்ளைகள், பாடசாலை மலருக்கு ஒரு கட்டுரை தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டு முழிக்கிற ஆசிரியர்கள்: இந்தக் கட்டுரை உங்களுக்கானது. மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் வரலாற்றாசிரியர்களையும் எழுத்தாளர்களையும் சந்தித்துப் பேசிப் பதிகிற வேலையில் நான் இறங்கியபோது ஒழுங்காக வழி சொல்ல ஆளிருக்கவில்லை. எந்தக் கடிதம் யாருக்குக் கொடுப்பது, எந்த மாதத்தில் யார் வீட்டில் இருப்பார்கள், காசு எதில் கரையும் என்பதெல்லாம் அலைந்து அலைந்துதான் தெரிந்தது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

தொடங்குமுன் ஒரு கணக்கு. முன்னால் உட்கார்ந்து பேசுகிற நேரம் இந்த வேலையில் மிகச் சிறிய பங்கு. பேசப்போகுமுன் வாசிக்க வேண்டும். பேசி முடிந்தபின் எழுத வேண்டும், எழுதியதைத் திரும்பக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். இரண்டு கிழமை லீவில் பத்துப் பேரைப் பதிந்து முடிப்பேன் என்று வருகிறவர்கள் பத்து ஒலிக்கோப்புகளோடு திரும்பிப் போவார்கள். அவற்றை யாரும் ஒருநாளும் திறந்து கேட்கமாட்டார்கள். இரண்டு கிழமைதான் இருக்கிறது என்றால் இரண்டு பேரோடு நிறுத்துங்கள்.

1. கேள்வியைச் சுருக்குங்கள்

"ஐயா, மட்டக்களப்பு வரலாற்றைக் கொஞ்சம் சொல்லுங்க" என்று கேட்டால் உங்களுக்குக் கிடைக்கப்போவது விழா மேடைப் பேச்சு. அதை அவர் பல இடங்களில் பேசியிருப்பார், வசனம் வசனமாக மனப்பாடம். உங்களுக்கும் அதையே சொல்லிவிட்டுத் தேநீர் கொடுத்து அனுப்புவார். அவரில் பிழையில்லை, கேள்வி அப்படி.

ஒரு பொருளைப் பிடியுங்கள். குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையில் ஆற்றில் ஓடும் பாதை (ஆளையும் வாகனத்தையும் ஏற்றிப்போகும் மிதவை), களுதாவளை வெற்றிலைத் தோட்டம், ஓர் ஊரில் கூத்து ஆடிய களரி, மூடப்பட்டுப்போன ஒரு வாசிகசாலை, 1978 சூறாவளிக்குப் பிறகு ஒரு தெரு திரும்ப எழும்பிய கதை. இவ்வளவு சின்னதாக இருந்தால்தான் அவருக்கும் புதிதாக ஒன்றை நினைத்துப் பார்க்க வேண்டி வரும். என்ன அறிய விரும்புகிறீர்கள் என்பதை ஐந்தாறு வரியில் தாளில் எழுதுங்கள். அந்தத் தாளே பிறகு கடிதத்துக்கும் உதவும்.

இதில் பலர் இடறும் ஒரு விஷயம் மாவட்ட எல்லை. அம்பாறை மாவட்டம் 1961 இல்தான் மட்டக்களப்பிலிருந்து பிரிந்தது. அதற்கு முந்திய தாள்களில் கல்முனை, காரைதீவு, அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில் எல்லாம் மட்டக்களப்பின் கீழ்தான் வரும். சுவாமி விபுலானந்தர் 1892 இல் பிறந்த காரைதீவு இன்று அம்பாறை மாவட்டம். அவர் காலத்து ஆவணங்களை அம்பாறை என்ற பெயரில் தேடினால் ஒன்றும் கிடைக்காது. உங்கள் ஊர் எல்லைக்குத் தெற்கே இருந்தால் இரண்டு பெயரிலும் தேடுங்கள்.

2. போகுமுன் வாசியுங்கள்

முதலில் நூலகம் நிறுவனத்தின் இணையத்தளம். இலங்கைத் தமிழ் நூல்கள், சஞ்சிகைகள், விழா மலர்களில் பெரும் தொகை அங்கே இலவசமாகக் கிடக்கிறது. நீங்கள் சந்திக்கப்போகும் ஆளின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். அவர் எழுதிய ஒன்றையாவது முழுதாக வாசிக்காமல் அவர் வீட்டுப் படியேற வேண்டாம். "சேர், உங்கட புத்தகம் ஒன்று இருக்கிறதாமே" என்று ஆரம்பிக்கிற ஆளுக்கும், "பதினாலாம் பக்கத்தில ஒரு இடம் எனக்கு விளங்கல்ல சேர்" என்று ஆரம்பிக்கிற ஆளுக்கும் கிடைக்கும் வரவேற்பு ஒன்றல்ல.

பொதுவாக எல்லோரும் பார்த்திருக்க வேண்டியவை மூன்று: எஸ்.ஓ. கனகரத்தினம் 1921 இல் ஆங்கிலத்தில் எழுதிய மட்டக்களப்பு மாவட்ட நூல், எப்.எக்ஸ்.சி. நடராசா 1962 இல் பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியம், வி.சீ. கந்தையா 1964 இல் வெளியிட்ட மட்டக்களப்புத் தமிழகம். மூன்றையும் கரைத்துக் குடிக்கத் தேவையில்லை. உங்கள் பொருள் எங்கே வருகிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். மான்மியம் பழைய ஏட்டுப் பிரதிகளிலிருந்து வந்தது. அதில் வரும் பழங்காலத்து ஆண்டுகளை அப்படியே தூக்கி உங்கள் கட்டுரையில் வைக்காதீர்கள். பேசப்போகும் ஐயாக்களில் பலர் அதை வரிக்கு வரி தெரிந்தவர்கள். அவர்கள் சொல்வது தாங்கள் விசாரித்து அறிந்ததா, மான்மியத்தில் வாசித்ததா என்று பிரித்தறிய நீங்களும் அதை வாசித்திருக்க வேண்டும்.

பலர் எட்டிப் பார்க்காத ஒன்று, செத்தவீட்டு நினைவு மலர்கள். முப்பத்தோராம் நாளில் கொடுக்கும் அந்தச் சின்னப் புத்தகங்களில் வம்சம், தொழில், இடம்பெயர்ந்த ஊர், படித்த பாடசாலை எல்லாம் இருக்கும். புகழுரை கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும், அதைக் கழித்துவிட்டு வாசியுங்கள். வீட்டு அலுமாரியில் கேட்டுப் பாருங்கள், கட்டுக்கட்டாக வரும்.

3. யாரிடம் முதலில், யாரிடம் கடைசியில்

வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகமும் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. கல்லடியில் சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் நேரே பேராசிரியரிடம் ஓடுவார்கள். என் அபிப்பிராயம், அவர்களிடம் கடைசியாகப் போங்கள். அவர்களுக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி ஏற்கெனவே அச்சில் இருக்கிறது. மற்றவர்களிடம் கேட்டு முடித்துவிட்டு, ஒன்றோடொன்று பொருந்தாத நாலு தகவல்களைக் கையில் வைத்துக்கொண்டு போனால் அரை மணித்தியாலத்தில் உங்களுக்குப் பெரிய உதவி செய்வார்கள்.

முதலில் போக வேண்டியது ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், அதிபர்களிடம். பாடசாலைச் சம்பவத் திரட்டுப் புத்தகத்தை வருடக் கணக்காக எழுதியவர்கள் அவர்கள். திகதிப் பழக்கம் உள்ளவர்கள். அப்புறம் வண்ணக்கர் என்கிற கோயில் நிர்வாகி, பள்ளிவாசல் நிர்வாகத்தில் மூத்தவர், கூத்து என்றால் அதைப் பழக்குகிற அண்ணாவியார், கண்ணகி அம்மன் கோயில் என்றால் அங்கே பூசை செய்கிற கப்புகனார். பறங்கியர் குடும்பங்களையும் வாகரைப் பக்கத்துக் கரையோர வேடர் குடும்பங்களையும் ஊர் வரலாறு எழுதுகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். உங்கள் பொருளுக்குத் தொடர்பிருந்தால் விடாதீர்கள்.

ஆளைத் தேடிப் பிடிக்க இரண்டு வழி நன்றாக வேலை செய்யும். ஒன்று, பிரதேச செயலகத்துக் கலாசார உத்தியோகத்தர். அந்தப் பிரதேசத்து எழுத்தாளர், கலைஞர் விபரம் அவரிடம் இருக்கும். மற்றது புத்தக வெளியீட்டு விழா. அங்கே போனால் ஊர் எழுத்தாளர்களில் பாதிப் பேரை ஒரே மண்டபத்தில் காணலாம். போகும்போது என்வலப்பில் காசு வைத்துக்கொண்டு போங்கள், பெயர் கூப்பிடும்போது மேடையில் கொடுத்துப் பிரதி வாங்குவது இங்கே வழக்கம். சும்மா போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டு விழா முடிந்ததும் "உங்களைப் பேட்டி எடுக்கலாமா" என்று நின்றால் அது எடுபடாது.

எழுத்தாளர்களோடு பேசும்போது மட்டும் வருகிற ஒரு சிக்கல் உண்டு. அவர் எழுதிய கதையும் அந்தக் கதைக்கு அடியிலிருந்த சம்பவமும் பல வருடத்தில் அவருக்குள்ளேயே கலந்துபோயிருக்கும். கதையில் வந்த பாத்திரத்தை உண்மையில் இருந்த ஆள் போலச் சொல்வார், பொய் சொல்கிற எண்ணம் துளியும் இல்லாமல். "இதைக் கதையில எழுதினீங்க தானே ஐயா, எதை மாத்தினீங்க?" என்று கேளுங்கள். கோபிக்கமாட்டார், தன் எழுத்தைப் பற்றிப் பேச யாருக்குத்தான் விருப்பமில்லை? அந்தப் பதிலிலேயே உங்களுக்கு வேண்டிய சம்பவம் தனியாகக் கழன்று வரும்.

ஐயாவிடம் பேசப் போகும் வீட்டில் அம்மாவையும் விசாரியுங்கள். குசினியிலிருந்து "அது சூறாவளிக்கு முந்தின வருசம், மூத்தவன் வயித்தில" என்று திருத்திச் சொல்லும் குரலை நான் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். அதுதான் பெரும்பாலும் சரியான திகதி. அவருக்கும் ஒரு கதிரையை இழுத்துப் போடச் சொல்லுங்கள். ஒலிப்பதிவில் அவர் பெயரையும் சேர்த்தே எழுதுங்கள்.

4. கடிதமும் தாள்களும்

இதில்தான் அதிகம் நேரம் போகும், ஆகவே முன்கூட்டியே செய்யுங்கள்.

அறிமுகக் கடிதம். மாணவர் என்றால் துறைத்தலைவரின் கையொப்பமும் முத்திரையும் உள்ள கடிதம். மற்றவர்கள் பாடசாலை, கோயில் அல்லது பள்ளிவாசல் நிர்வாகம், பொதுநூலகம், ஊர்ச் சங்கம் ஏதாவது ஒன்றின் கடிதத் தலைப்பில் எடுக்கலாம். கடிதத்தில் உங்கள் முழுப்பெயர், அடையாள அட்டை இலக்கம், பொருள், எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை என்பவை கட்டாயம் வேண்டும். கால எல்லை போடாத கடிதத்தை ஓர் அலுவலகம் திருப்பித் தந்தது. புதுக் கடிதத்துக்கு நான் மறுபடி ஓட வேண்டியதாயிற்று. வீடுகளுக்குப் போக ஒரு பொதுக் கடிதம் போதும். அலுவலகங்களுக்கு, அந்தந்தப் பதவியின் பெயருக்குத் தனித்தனிக் கடிதம் எடுங்கள். அம்பாறை நகரத்திலுள்ள மாவட்ட அலுவலகங்களுக்குப் போவதென்றால் சிங்களத்திலும் ஒரு பிரதி கையில் இருக்கட்டும், வேலை விரைவாக நடக்கும்.

சம்மதப் படிவம். சட்டத்தரணி எழுதிய பத்திரம் போல ஒன்றை நீட்டினால் மூத்தவர்கள் பயந்துவிடுவார்கள், காணிப் பிரச்சினை ஏதோ என்று நினைப்பார்கள். ஒரு பக்கத்துக்குள், பெரிய எழுத்தில், இப்படி எழுதினால் போதும்:

"எனது பேச்சை ஒலிப்பதிவு செய்யவும் எழுத்தாக்கவும் சம்மதிக்கிறேன். எழுத்துப் பிரதியை நான் பார்த்துத் திருத்திய பிறகே வெளியிட வேண்டும். எனது பெயரைப் போடலாம் / போட வேண்டாம். ஒலிப்பதிவை நூலகத்தில் வைக்கலாம் / வைக்க வேண்டாம் / ...... ஆண்டுக்குப் பிறகு வைக்கலாம்."

கீழே கையொப்பம், திகதி, சாட்சி ஒருவர். இரண்டு பிரதி எடுத்து ஒன்றை அவரிடமே கொடுங்கள். கையொப்பத்தை எப்போது கேட்பது? பேச்சு முடிந்த பிறகு கேளுங்கள். எதற்குச் சம்மதிக்கிறோம் என்று அப்போதுதான் அவருக்கும் தெரியும். பதிவைத் தொடங்கும்போது வாய்மொழியாக ஒருமுறை சம்மதம் கேட்டு, அதையும் ஒலியில் பிடித்துவைத்தால் நல்லது. படம் எடுப்பதற்குத் தனியாகக் கேட்க வேண்டும்.

காலமான எழுத்தாளரின் கையெழுத்துப் பிரதி ஏதும் கிடைத்தால், வீட்டார் காட்டினார்கள் என்பதற்காக அச்சில் போட முடியாது. இலங்கையின் 2003 ஆம் ஆண்டுப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 70 ஆண்டு வரை உரிமை வாரிசுகளுக்கு. பிள்ளைகள் மூன்று நாட்டில் இருப்பார்கள், எல்லோரிடமும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வட்ஸ்அப் செய்தியாக வந்தால் அதைத் தாளில் அச்செடுத்துக் கோவையில் போடுங்கள்.

அலுவலகப் பழைய கோவைகள். கச்சேரியிலோ (மாவட்டச் செயலகம்) பிரதேச செயலகத்திலோ உள்ள ஆவணத்தைப் பார்க்க முதலில் மரியாதையாகக் கடிதம் கொடுத்துக் கேளுங்கள். பதிலே வராவிட்டால் 2016 ஆம் ஆண்டு 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அலுவலகத்துத் தகவல் உத்தியோகத்தருக்குத் தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். 14 வேலை நாளுக்குள் தீர்மானத்தைச் சொல்ல வேண்டும். இந்த உரிமை இலங்கைப் பிரசைகளுக்குத்தான். ஆனால் எடுத்த எடுப்பில் இதை நீட்டாதீர்கள், அதே அலுவலகத்துக்கு நீங்கள் நாளைக்கும் போக வேண்டும். ஒல்லாந்தர், ஆங்கிலேயர் காலத்துத் தாள்கள் வேண்டுமென்றால் கொழும்பு 7 இல் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குத்தான் போக வேண்டும். எந்தத் தொகுதி வேண்டும் என்று தெரிந்த பிறகு போங்கள். தெரியாமல் போனால் முதல் நாள் அட்டவணை பார்ப்பதிலேயே கழிந்துவிடும், கொழும்பில் தங்கும் செலவும் கூடும்.

வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் வருகிறவர்கள் உங்கள் வீசா எந்த நோக்கத்துக்குத் தரப்பட்டது, அதில் ஆய்வு செய்யலாமா என்று புறப்படுமுன் கேட்டுத் தெளியுங்கள். சொந்தப் பெரியம்மாவிடம் கதை கேட்க யாரும் தடுக்கமாட்டார்கள். பல்கலைக்கழகப் பட்டத்துக்கு ஆய்வு என்றால் அது வேறு கணக்கு.

5. மாதம், நாள், நேரம்

நவம்பர் முதல் ஜனவரி வரை மாரி மழை. வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைப் பக்கத்து ஊர்களுக்கு அந்த மாதங்களில் திட்டம் போடாதீர்கள். மண்முனைப் பாலம் 2014 இல் திறந்த பிறகு கொக்கட்டிச்சோலைக்குப் போவது லேசாகிவிட்டது; ஆனால் உள்வீதிகளில் வெள்ளம் நின்றால் ஓட்டோக்காரர் வரமாட்டார். பாதையில் ஆற்றைக் கடந்து போவதென்றால் கடைசிப் பாதை எத்தனை மணிக்கு என்று இக்கரையிலேயே கேட்டுவிட்டு ஏறுங்கள். பேச்சு சூடுபிடிக்கிற நேரத்தில் எழும்ப வேண்டி வந்தால் அந்த ஓட்டம் திரும்பக் கிடைக்காது.

மாசி, பங்குனியில் வேளாண்மை வெட்டு. ஓய்வுபெற்ற ஆசிரியர்களில் பலருக்கு வயல் இருக்கிறது, வட்டையிலேயே நிற்பார்கள். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு, ஆடி அமாவாசைக்கு மாமாங்கேஸ்வரர் கோயில் தீர்த்தம், அதைத் தொடர்ந்து கொக்கட்டிச்சோலை, மண்டூர் திருவிழாக்கள். கோயிலோடு தொடர்புள்ளவர்களை அந்த நாட்களில் பார்த்துப் பழகலாம், உட்கார வைத்துப் பதிய முடியாது. காத்தான்குடி, ஏறாவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கம் நோன்பு மாதத்தையும் வெள்ளிக்கிழமை நண்பகலையும் தவிருங்கள். காத்தான்குடிக்குப் போகிற நாளில் அங்குள்ள பூர்வீக நூதனசாலையையும் பார்த்துவிடுங்கள், பேசுவதற்குக் கேள்விகள் அங்கேயே பிறக்கும்.

எனக்கு வசதியாக அமைந்தது சித்திரை வருடப்பிறப்பு முடிந்து சடங்கு தொடங்கும் வரையுள்ள நாட்கள், பிறகு சடங்கு முடிந்து ஆடி அமாவாசை வரை. வெயிலும் கச்சான் காற்றும் வாட்டும்தான். அதனால் காலை ஒன்பதுக்குப் போய்ப் பதினொன்றரைக்குள் முடியுங்கள். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு மூத்தவர்கள் கொஞ்சம் சரிவார்கள், நான்கு மணிக்கு முன் கதவைத் தட்ட வேண்டாம். ஒரு தடவைக்கு ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் பேச வைக்காதீர்கள். அவர் உற்சாகமாகத்தான் இருப்பார், அடுத்த நாள் படுத்துவிடுவார். பிள்ளைகள் உங்களை மறுபடி உள்ளே விடமாட்டார்கள்.

6. செலவு

பேசுவதற்குக் காசு கொடுக்க வேண்டாம். கொடுத்தால் மனம் நோகும், சில வேளை கதையும் கூடும். அவர் எழுதிய புத்தகங்களைக் காசு கொடுத்து வாங்குங்கள். இங்கே எழுத்தாளர்கள் பெரும்பாலும் சொந்தக் காசில் அச்சிட்டுப் பிரதிகளைக் கட்டிலுக்கடியில் வைத்திருக்கிறார்கள். இலவசமாகத் தந்தாலும் விலையைக் கொடுத்துவிடுங்கள். அண்ணாவியாரை மத்தளத்தோடு ஆடிக் காட்டச் சொன்னால் அது வேறு. அதற்கும் கூட வரும் பக்கப்பாட்டுக்காரருக்கும் முன்பே பேசிய தொகையைக் கொடுக்க வேண்டும்.

வெறுங்கையோடு போகாதீர்கள். ஆனால் கேக், லட்டு வேண்டாம், பாதி வீட்டில் சீனி வருத்தம். பழம் வாங்குங்கள், வெற்றிலை போடுகிற ஆள் என்றால் வெற்றிலை.

உண்மையில் பணம் தின்பது எழுத்தாக்கம். ஒரு மணித்தியாலப் பேச்சைக் கேட்டுத் தட்டச்சுச் செய்ய நான்கிலிருந்து ஆறு மணித்தியாலம் பிடிக்கும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசிய இடம், மட்டக்களப்புப் பேச்சுவழக்கு, பழைய இடப்பெயர்கள் எல்லாம் வந்தால் இன்னும் கூடும். வெளியாளிடம் கொடுப்பதென்றால் பக்கக் கணக்கில் விலை பேசாதீர்கள், எழுத்தைப் பெரிதாக்கிப் பக்கத்தைக் கூட்டிவிடுவார்கள். ஒலி நிமிடத்துக்கு இவ்வளவு என்று பேசுங்கள். ஊர் தெரியாதவரிடம் கொடுத்தால் குருமண்வெளி, குருக்கள்மடம், குருந்தையடி எல்லாம் ஒன்றாகிவிடும். திருத்துகிற நேரத்தில் நீங்களே அடித்திருக்கலாம். போக்குவரத்து, அச்செடுத்தல், போட்டோக்கொப்பி எல்லாம் சேர்ந்தாலும் இதற்குக் கீழேதான் வரும்.

7. பதிவுக் கருவி

நல்ல போன் ஒன்று போதும். அழுத்தம் செய்யாத வேவ் கோப்பாகப் பதியும் செயலியைப் போடுங்கள். 44.1 கிலோஹேட்ஸ், 16 பிட், மொனோவில் ஒரு மணித்தியாலத்துக்குச் சுமார் 320 மெகாபைட் பிடிக்கும். எம்பி3 இல் 128 கிலோபிட்டில் பதிந்தால் 60 மெகாபைட்டுக்குள் அடங்கும், ஆனால் காப்பகத்தில் வைக்க வேவ்தான் நல்லது. போனைப் பிளைட் மோடில் போடுங்கள், இல்லாவிட்டால் நல்ல இடத்தில் அழைப்பு வந்து பதிவு அறுந்துவிடும். மேசையில் நேரே வைக்காமல் மடித்த துவாயின் மேல் வையுங்கள். மின்விசிறியைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள், கல்லடிப் பக்கம் என்றால் கடலிரைச்சல் வரும் ஜன்னலையும் சாத்தச் சொல்லுங்கள்.

ஏடு, பழைய கடிதம் ஏதும் காட்டினால் வாங்கிக்கொண்டு வராதீர்கள். "கொண்டு போய்ப் பார்த்திட்டுத் தா மனே" என்று அன்பாகத்தான் தருவார்கள். ஆனாலும் வேண்டாம். 2004 சுனாமியிலும் இடப்பெயர்வுகளிலும் தப்பிய தாள் உங்கள் பையில் நனைந்து போகலாம். அங்கேயே, பகல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல் படம் எடுங்கள். ஸ்கேனர் கொண்டுபோக முடிந்தால் எழுத்துக்கு 300 டிபிஐ, பழைய புகைப்படத்துக்கு 600. ஏட்டுக்கு எண்ணெய் பூசுவது, தூசு துடைப்பது எதுவும் உங்கள் வேலையல்ல.

8. கேட்கும் விதம்

முதல் சந்திப்புக்கு ரெக்கோடர் வேண்டாம். தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய், கடிதத்தைக் கொடுத்து, தேநீர் குடித்து, நாள் குறித்துக்கொண்டு வாருங்கள். ஆளைப் பார்த்து ஐயா, சேர், டீச்சர், மாஸ்டர், ஹாஜியார் என்று ஊர் எப்படிக் கூப்பிடுகிறதோ அப்படியே கூப்பிடுங்கள்.

இரண்டாம் முறை பதியும்போது, எழுதிய கேள்விகளைக் கையில் வைத்திருங்கள், ஆனால் வரிசைப்படி வாசித்துக் கொட்டாதீர்கள். நான் எல்லோரிடமும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இது நீங்க கண்டதா, கேட்டதா, படிச்சதா?" கண்டதென்றால் அப்போது வயது என்ன, எங்கே நின்றார். கேட்டதென்றால் யார் சொன்னது, அவர் எங்கே கேட்டார். படித்ததென்றால் எந்தப் புத்தகம். கொப்பியில் ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்தில் க, கே, ப என்று போட்டுக்கொள்ளுங்கள். வரலாற்றாசிரியர்களுக்கு இந்தக் கேள்வி பிடிக்கும், நிமிர்ந்து உட்கார்வார்கள். வேறு சிலருக்கு, தங்களை நம்பவில்லையோ என்று தோன்றும், அவர்களிடம் "எழுதும்போது யாரைச் சொல்லி எழுதுறது ஐயா?" என்று கேளுங்கள், அதே பதில்தான் வரும்.

ஆண்டு கேட்டால் பெரும்பாலும் பிழைக்கும். அதற்குப் பதிலாகப் பெரிய சம்பவங்களைக் கேளுங்கள். 1957 வெள்ளத்துக்கு முந்தியா பிந்தியா? 1978 நவம்பர் சூறாவளி நேரம் அந்தக் கட்டிடம் இருந்ததா? 1990 இல் ஊரைவிட்டு ஓடும்போது? சுனாமிக்கு எத்தனை வருடத்துக்கு முதல்? இரண்டு சம்பவங்களுக்கு இடையில் இறுக்கிவிட்டால் ஆண்டு தானாக அகப்படும்.

இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் ஒருவரிடம் போய் "மற்றவர் இப்படிச் சொன்னாரே" என்று பெயர் சொல்லிக் கேட்காதீர்கள். சின்ன ஊர், மாலைக்குள் போய்ச் சேர்ந்துவிடும். இரண்டையும் அப்படியே எழுதுங்கள்.

குடி (தாய்வழி வம்சப் பிரிவு), கோயில் முன்னுரிமை, யார் முதலில் வந்து குடியேறினார்கள் என்பவை வந்தால் நிதானம் வேண்டும். கோயில் உரிமை வழக்குகளில் இப்படியான கட்டுரைகளை ஆதாரமாகக் காட்டுகிற ஆட்கள் இருக்கிறார்கள். "இன்ன குடியைச் சேர்ந்த இவர் இப்படிச் சொல்கிறார்" என்று சொன்னவர் வாயில் வைத்து எழுதுங்கள், உங்கள் கூற்றாக எழுத வேண்டாம். போர்க்காலம், தமிழ் முஸ்லிம் கலவரம், காணாமற்போனவர்கள் பற்றிய பேச்சு தானாக வந்தால் குறுக்கிடாமல் கேளுங்கள். நீங்களாகத் தோண்ட வேண்டாம். ரெக்கோடரை நிறுத்தவா என்று ஒருமுறை கேளுங்கள். அவர் சொல்கிற மூன்றாம் ஆட்களின் பெயர்களை எழுத்துப் பிரதியில் முதலெழுத்தோடு விடுவது நல்லது.

9. அன்றிரவே செய்ய வேண்டியது

கோப்புக்குத் திகதி, ஊர், பேசியவர் பெயர் போட்டுப் பெயரிடுங்கள்: ஆண்டு முதலில், பிறகு மாதம், நாள். ஒரு பிரதி கணினியில், ஒன்று வெளி ஹார்ட் டிஸ்க்கில், ஒன்று இணையச் சேமிப்பில். ரெக்கோடர் நின்றபிறகு வாசலில் சொன்னவற்றைக் கொப்பியில் எழுதுங்கள். நல்ல தகவல்கள் படலையடியில்தான் வரும், என்ன காரணமோ. ஆனால் அவை சம்மதத்துக்கு வெளியே சொன்னவை. பயன்படுத்தலாமா என்று அடுத்த முறை கேட்க வேண்டும்.

10. திருப்பிக் கொண்டுபோய்க் காட்டுங்கள்

பெரும்பாலானோர் கைவிடுகிற கட்டம் இது. எழுத்துப் பிரதியை 14 புள்ளி எழுத்தில், அகன்ற ஓரம் விட்டு அச்செடுத்து நேரில் கொடுங்கள். பீடிஎப் அனுப்பினால் பேரப்பிள்ளையின் போனில் கிடக்கும். இரண்டு கிழமை அவகாசம் சொல்லுங்கள், பிறகு ஒருமுறை நினைவூட்டுங்கள்.

தன் பேச்சைத் தாளில் பார்க்கும்போது மூன்று விதமான திருத்தம் வரும். திகதி, பெயர்த் திருத்தங்களை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்ளுங்கள். பேச்சு நடையைச் செந்தமிழாக்கச் சொன்னால், முக்கியமாகத் தமிழ் ஆசிரியர்கள் சொல்வார்கள், ஒலிப்பதிவில் உள்ளபடி ஒரு பிரதியும் அவர் திருத்தியபடி ஒரு பிரதியும் வைத்துக்கொள்ள அனுமதி கேளுங்கள். ஒரு பகுதியை முழுதாக எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுங்கள், எவ்வளவு நல்ல பகுதியாக இருந்தாலும். நான் கண்டவரையில், ஒன்றை எடுக்கச் சொல்கிறவர் அன்றைக்கே வேறொன்றைச் சொல்வார், முதல் நாள் நினைவுக்கு வராத ஒன்று. அதனால் அன்றும் ரெக்கோடரையும் புதுச் சம்மதப் படிவத்தையும் கொண்டு போங்கள்.

11. கையளித்தல்

உங்கள் கணினியில் மட்டும் வைத்திருந்தால் கணினி போகும் நாளில் எல்லாம் போகும். நூலகம் நிறுவனம் வாய்மொழிப் பதிவுகளையும் எண்ணிம ஆவணங்களையும் சேர்த்துப் பாதுகாக்கிறது. அல்லது பல்கலைக்கழக நூலகத்திடம் கேட்கலாம். எங்கே கொடுத்தாலும் நான்கு பொருள் ஒன்றாகப் போக வேண்டும்: வேவ் கோப்பு, அவர் திருத்திய எழுத்துப் பிரதி, கையொப்பமிட்ட சம்மதப் படிவத்தின் பிரதி, யார், எங்கே, எப்போது, எதைப் பற்றி என்ற அரைப்பக்கக் குறிப்பு. படிவத்தில் கால எல்லை போட்டிருந்தால் அதைக் குறிப்பின் முதல் வரியிலேயே எழுதுங்கள். வீட்டாருக்கு ஒலிப்பதிவைப் பென்டிரைவில் போட்டு, எழுத்துப் பிரதியைத் தைத்துக் கட்டிக் கொடுங்கள். பென்டிரைவின் மேல் பேசியவரின் பெயரையும் திகதியையும் அழியாத மையில் எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் யாராவது படம் ஏற்றிவிடுவார்கள்.